பொறுப்பு என்னுடையதல்ல

எந்தக் கிளை உறுதி, எது உளுத்தது என்பது மரங்கொத்திக்குத் தட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆனால் ஒருமுறை அது சொன்னது தப்பாகிப்போய், மைனாக்கள் கூடி நின்று ஏசிவிட்டன. அன்றிலிருந்து எதைச் சொன்னாலும் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டது.

வயிற்றில் குட்டிகளோடு ஒரு அணில் வந்தது. "அண்ணே, இந்த வேப்பங்கிளையில கூடு கட்டலாமா?"

கிளை உள்ளுக்குள் உளுத்திருந்தது மரங்கொத்திக்கு நன்றாகத் தெரியும். "உளுத்த மாதிரிதான் தோணுது. ஆனா தப்பாவும் இருக்கலாம். நீயே பாத்துக்க தங்கச்சி, பொறுப்பு என்னுதில்ல" என்றது.

அணில் கிளைமேல் குதித்துப் பார்த்தது. அது அசையவில்லை. அங்கேயே கூடு கட்டிக் குட்டி போட்டது.

ஆடிக் காற்றில் கிளை முறிந்து விழுந்தது. ஒரு குட்டியும் பிழைக்கவில்லை.

மரங்கொத்தி பதறிக்கொண்டு வந்தது.

"நீங்க என்னண்ணே செய்வீங்க? அப்பவே சொன்னீங்க, நான்தான் கேக்கல" என்று அழுதது அணில்.

தனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்ததைச் சொல்லிவிட மரங்கொத்தி வாயெடுத்தது. அதற்குள் அணில் சருகுகளை இழுத்துக் குட்டிகளை மூடத் தொடங்கியிருந்தது. மரங்கொத்தியும் தரையில் இறங்கி, ஒரு சருகை அலகில் எடுத்து வந்து வைத்தது.