எட்டாவது பிளக்

எட்டு ஸ்பார்க் பிளக் மாற்ற டாரில் எடுத்துக்கொண்ட காலம், அன்றோடு ஏழு சனிக்கிழமை.

பக்கத்து வீட்டு லோவலுக்கு இதனால் சாப்பாடே இறங்கவில்லை. அவர் தன் வண்டிக்கு ஒன்றரை மணி நேரத்தில் எட்டையும் மாற்றுகிறவர். நடுவில் காபியும் குடிப்பார். ஓஹையோவின் அந்தத் தெருவில் புல் வெட்டும் மெஷின் நின்றுபோனால்கூட அவர் கதவைத்தான் தட்டுவார்கள்.

டாரில் வீட்டு வாசலிலோ, அந்தப் பெரிய எஸ்யூவி ஏழு வாரமாக பானெட்டைத் தூக்கிக்கொண்டே நின்றது. மழை வந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் ஷீட்.

“நம்ம தெரு காயலான் கடை மாதிரி ஆயிடுச்சு,” என்றாள் எதிர்வீட்டு கான்னி.

“வேலை தெரியாதவன் கையில ஸ்பானரைக் குடுத்தா இப்படித்தான்,” என்றார் லோவல், கொஞ்சம் சத்தமாகவே.

டாரில் காதில் விழுந்தது. நிமிர்ந்து கையை அசைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான்.

அவன் அப்பா அர்வின் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். இப்போது வயது எண்பத்தொன்று.

“இன்ஜின் ஆறிடுச்சாடா? சூட்டோட கழட்டாதே, மரை அழிஞ்சுரும்.”

“ஆறிடுச்சுப்பா.”

“முதல்ல கையால திருகு. அப்புறந்தான் ரெஞ்ச்.”

“சரிப்பா.”

“சரி சரிங்கறே, ஒண்ணும் முடியக் காணோம். நான் எப்படா வண்டி ஓட்டறது?”

“அடுத்த வாரம்ப்பா.”

போன வாரமும் இதே கேள்வி, இதே பதில். லோவலுக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர் ஆசையாகக் காத்துக்கொண்டிருக்கிறார், பிள்ளை இப்படி இழுத்தடிக்கிறானே.

பதினோரு மணிக்கு டாரில், அப்பாவுக்கு முடி வெட்ட, மனைவியின் சின்னக் காரில் கூட்டிக்கொண்டு கிளம்பினான். லோவல் டூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலியைச் சுற்றி வந்தார்.

குனிந்து பார்த்தவருக்குச் சிரிப்பு வந்தது. ஏழு பிளக் போட்டாகிவிட்டது. எட்டாவது மட்டும் தட்டில் கிடந்தது. டிரைவர் பக்கம், கடைசியில், கை நுழையாத இடத்து பிளக். இந்த ஒன்றுக்கா இவ்வளவு நாள்?

இருபது நிமிஷம்தான் ஆனது. இரண்டு விரல் முட்டியில் தோல் போனது. பிளக்கை இறக்கி, அதன் மேல் இக்னிஷன் காயிலை மாட்டி, கவரை மூடி, பானெட்டைச் சாத்தினார். கையோடு துணியால் துடைத்தும் வைத்தார்.

கார் திரும்பி வந்தது. மூடியிருந்த பானெட்டைப் பார்த்து டாரில் அப்படியே நின்றுவிட்டான்.

பெரியவர் முகம் மலர்ந்தது. “முடிஞ்சுதா? யாரு முடிச்சது, நீயா லோவல்?”

“ஆமா சார். ஒரே ஒரு பிளக்தான் பாக்கி.”

“பாத்தியாடா டாரில்? இவன் ஆம்பளை.” நேராக டிரைவர் கதவருகே போய்க் கையை நீட்டினார். “சாவியைக் குடு.”

டாரில் சாவியை எடுக்கவில்லை. லோவலுக்கு நன்றியும் சொல்லவில்லை. அது லோவலுக்குச் சுருக்கென்றது.

“ஏம்ப்பா, ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவே?”

டாரில் அவரைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“எட்டையும் ஏப்ரல்லயே மாத்திட்டேன், லோவல். கடைசி பிளக்கை நான்தான் கழட்டி வெச்சேன்.”

“எதுக்கு?”

“போன அக்டோபர்ல வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். மூணு மாவட்டம் தாண்டி, சோளக்காட்டு ஓரமா கண்டுபிடிச்சோம். அம்மாவைக் கூட்டிட்டு வரப் போனாராம். அம்மா தவறிப்போய் ஆறு வருஷமாச்சு.”

லோவல் பெரியவரைத் திரும்பிப் பார்த்தார்.

“இனிமே ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்னு சொன்னா, ஒவ்வொரு தடவையும் அன்னிக்குத்தான் முதல்ல கேக்கற மாதிரி அழறார். சாவியை மாவு டின்னுல ஒளிச்சாலும் கண்டுபிடிச்சிடறார். ஆனா பாதி வேலையில நிக்கற வண்டியை மட்டும் ஓட்ட மாட்டார். வாழ்க்கையில ஓட்டினதில்ல.”

“டாரில், சாவி,” என்றார் அர்வின், கையை நீட்டியபடியே.

லோவல் பெரியவரிடம் போனார்.

“சார், இப்ப எடுக்க முடியாது. கடைசி பிளக்கை ஏத்தறப்ப மரையை அழிச்சுட்டேன். ஸ்டார்ட் பண்ணா தெறிச்சு வெளிய வந்துரும்.”

பெரியவரின் கை மெல்லக் கீழே இறங்கியது. “இன்ஜின் சூட்டோட கை வெச்சியா?”

ஏப்ரலிலிருந்து ஸ்டார்ட்டே ஆகாத இன்ஜின் அது.

“ஆமா சார்.”

“உன்னைப் போய் கெட்டிக்காரன்னு நெனச்சேனே.” அர்வின் பானெட்டைத் திறந்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். “ரெண்டு பேரும் இங்க வாங்க. முதல்லேர்ந்து சொல்லித் தரேன்.”

அடுத்த சனிக்கிழமை கான்னி தெருவைத் தாண்டி வந்தாள். பானெட் திறந்திருந்தது. உள்ளே இரண்டு தலைகள் குனிந்திருந்தன.

“இன்னுமா முடியல?”

லோவல் கிரீஸ் கையோடு நிமிர்ந்தார்.

“என்ன பண்றது கான்னி, எங்க ரெண்டு பேருக்கும் வேலை தெரியலையே.”