தரையிறங்கிய நேரம்

"இறங்கினதும் ஆபீசுக்கு போன் பண்ணிடு. போன தடவை மறந்துட்டு ஊரையே தேட வச்ச," என்றேன்.

விமானம் ஓட்டப் பழகும் என் மகள், பென்சிலில் வழி குறித்த வரைபடத்தை மடித்தாள். "உள்ளங்கையிலயே எழுதிட்டேன், போதுமாம்மா?"

மாலை நான்கு இருபதுக்கு, பத்திரமாக இறங்கிவிட்டதாக அவள் குரலில் பயிற்சி அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. அதனால் யாரும் தேடவில்லை. மறுநாள் மலைச்சரிவில் விமானத்தைக் கண்டார்கள். மூன்று மணிக்கே விழுந்திருந்தது. இரவுவரை அவளுக்கு உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

அந்த அழைப்பு எங்கள் வீட்டுத் தொலைபேசியிலிருந்து போயிருக்கிறது. அந்த நேரத்தில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் வேறு யாருமில்லை.

பயிற்சி அலுவலகப் பதிவேட்டைத் திருத்தச் சொல்லி நடையாய் நடந்துவிட்டேன். "கால் வந்தது நெஜந்தானேம்மா," என்கிறார் அதிகாரி.

அதில் அவள் பத்திரமாக இறங்கிய நேரம் இன்றும் நான்கு இருபதுதான்.