வெயில் கேட்ட சாமி

"சூரியனக் காதப் பிடிச்சு இழுத்தாந்து நம்ம கொல்லையில நிறுத்தப் போறேன். பக்கத்து லாட்ஜுக்காரன் தன் கையாலயே ரெண்டு மாடிய எறக்குவான், பாரு" என்றார் திருமலைச்சாமி.

"மொதல்ல பல்ல வெளக்கிட்டு வாங்க" என்றாள் மனைவி பொன்னுத்தாய்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. சேனாதிபதியின் ஐந்து மாடி லாட்ஜ் எழும்பியதிலிருந்து கொடைக்கானலில் அவர்கள் கொல்லைக்கு மட்டும் விடிவதே இல்லை. தீபாவளிக்குத் துவைத்துப் போட்ட வேட்டி பொங்கலுக்கும் சொட்டிக்கொண்டிருந்தது. அது போகட்டும், விதைப்பூண்டு காயாமல் பூசணம் பிடித்தது. அதுவும் அழுகினால் அடுத்த போகத்துக்கு நட ஒன்றுமில்லை.

முறையிடப் போனவரிடம், "வெயிலுக்கு உம்ம பேர்ல பட்டா இருக்கா பெரியவரே?" என்று சிரித்தான் சேனாதிபதி.

மறுநாள் திருமலைச்சாமி பழனிக்குப் போய், கனத்த சாக்குமூட்டையோடு திரும்பினார்.

"என்னங்க அது?"

"ஒஞ் சோலியப் பாரு புள்ள."

அந்த வாரமே பூண்டுப் பாத்தியில் அவர் மண்வெட்டி 'ணங்' என்றது. கரிய, வழவழப்பான சுயம்பு லிங்கம். காலையின் முதல் வெயில் தன் தலையில் விழவேண்டும் என்று சாமி கனவில் வந்து கேட்டதாக அவர் சொல்ல, கொடைக்கானலே கொல்லைக்குள் நின்றது.

இன்ஸ்பெக்டரும் வந்தார். அய்யம்பாளையம் பக்கத்துக் கோயில் ஒன்றில் லிங்கம் களவு போயிருந்தது.

"பழனிக்குப் போற சாக்குல எங்க தூக்குனீரு?"

மூட்டையைக் கொட்டினால், அத்தனையும் விபூதி. இன்ஸ்பெக்டர் விடவில்லை. அடையாளம் காட்ட அந்தக் கோயில் பூசாரியையே ஜீப்பில் ஏற்றி வந்தார். பூசாரி லிங்கத்தைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கினார்.

"எங்க சாமி இது இல்லைங்க. இது ரொம்பப் பழசு. ஆயிரம் வருசத்துக்குக் கொறையாது."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு விபூதிக்குக் கை நீட்டினார்.

'சாமியின் வெயிலை மறைத்தவன்' என்று பழனியிலிருந்த சேனாதிபதியின் இன்னொரு லாட்ஜுக்குள் பக்தர்கள் கால் வைக்க மறுத்தார்கள். ஆள் வைத்துக் கொடைக்கானல் லாட்ஜின் மேல் மாடிகள் இரண்டையும் இடித்தான். பரிகாரமாகக் கடைசிச் செங்கலைத் தானே தலையில் சுமந்து இறக்கினான்.

முதல் வெயில் லிங்கத்தின் உச்சியில் விழுந்த காலையில், பூண்டைப் பரப்பியபடி திருமலைச்சாமி மனைவியைப் பார்த்தார்.

"இப்ப என்ன சொல்றே?"

பொன்னுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சொன்னது நடந்துபோச்சு, ஒத்துக்கறேன். மசால் அரைக்க வெரசா வேற குழவிக்கல்லு வாங்கியாங்க, அம்மி ஒத்தையில கெடக்கு."