சாய்ந்த நடை

தோள்பட்டை இரண்டும் ரணம். சுடலைமுத்து வராததால் அவன் பங்கு உப்பு மூட்டைகளையும் சேர்த்துத்தான் சுமந்தோம்.

மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கியின் வாசலில் இருக்கும் இயந்திரம் ஆளின் நடையைப் பார்த்தே, அவன் ஆணை விரும்புகிறவனா பெண்ணை விரும்புகிறவனா என்று சொல்லிவிடும். இடுப்பைச் சாய்த்து நடக்கும் சுடலைக்குப் போன திங்கட்கிழமை ஊதா விளக்கு எரிந்தது.

"ஏலே, நம்ம சுடலை அந்த மாதிரியாம்ல! தள்ளி நில்லுங்கடே!"

மூட்டையை முதுகில் ஏற்றிவிட இரண்டு பேர் வேண்டும். அவன் பக்கம் ஒருவரும் போகவில்லை.

"மிக்கேலண்ணே, நீங்களாவது ஒரு கை குடுங்க," என்று என்னிடம் கேட்டான்.

"நாலு பேரு பாக்காங்கடே," என்றேன்.

மூன்றாம் நாள் வேலையை விட்டான். சேதி கேட்டு அவன் மனைவியும் பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

முன்பொரு நாள் என்மேல் சரிந்த மூட்டை அடுக்கைத் தாங்கப்போய்த்தான் அவன் இடுப்பு உடைந்து, நடை சாய்ந்தது. ஆணை விரும்புகிறவன் நான். முறுக்கிய மீசையோடு நிமிர்ந்து நடக்கிற எனக்கு இன்றும் பச்சை எரிந்தது.

"அவன் இல்லம்மா, நான்தான்" என்று அவன் மனைவியிடம் நான் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.