ஒன்பது நாள் வைன்

ஸ்ரீகுமார் தன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பீப்பாயின் மேல் விரித்து, அது பறக்காமல் இருக்க ஆலிவ் கிண்ணத்தை ஓரத்தில் வைத்தார். அந்தச் சின்ன வைன் பாரில் மேசைகள் கிடையாது. பழைய பீப்பாய்களும் உயரமான ஸ்டூல்களும்தான்.

"பாருங்க சம்பந்தி. போன வருஷம் லிவர் சம்பந்தப்பட்ட நம்பர் எல்லாமே தப்பா இருந்துச்சு. பிரான்ஸ் போயிட்டு வந்தப்புறம் ஒண்ணுகூடத் தப்பில்ல."

மகேந்திரராசா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருடைய மகன் மிதுசனைத்தான் ஸ்ரீகுமாரின் மகள் கல்யாணம் செய்திருந்தாள். மகேந்திரராசா டவுன்டவுன் பிரெஞ்சு உணவகம் ஒன்றின் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகு, நாலு வருடமாக ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை.

"நான் விட்டிட்டன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே," என்றார். "என்ர மனுசி நல்லம்மா அறிஞ்சா என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா."

"அது விஸ்கிக்குச் சொன்னது. இது மருந்து."

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. எதிரே இருந்த சந்தையில் வாங்கிய கீரைக் கட்டும் நீள ரொட்டியும் பையிலிருந்து எட்டிப் பார்க்க, ஆட்கள் வந்து உட்கார்ந்தபடி இருந்தார்கள். ஒருவருக்கும் அவசரம் இல்லை.

ஸ்ரீகுமாருக்கு இந்தக் காட்சி போதவில்லை. ஜூன் மாதம் அவரும் மனைவி வசந்தகுமாரியும் பிரான்சில் ஒரு சந்தை ஊரில் ஒன்பது நாள் தங்கியிருந்தார்கள். அன்றிலிருந்து மொன்றியலில் அவர் பார்ப்பதெல்லாம் நகல்தான்.

"அங்கே யாரும் பாருக்குன்னு டிரஸ் பண்ணிக்கிட்டு வரமாட்டாங்க. காய் வாங்க வந்தவன் அப்படியே உட்கார்ந்திடுவான். தினமும் நாலு கிளாஸ் குடிச்சேன் சம்பந்தி. ஒரு நாள் காலையிலகூடத் தலைவலி இல்ல. நல்ல வைனுக்கு அதான் அடையாளம்."

மூன்றாம் நாள் போதை ஏறி, சீஸ் விற்பவரைக் கட்டிப்பிடித்துத் தாலாட்டுப் பாடியதையும் சொன்னார். வசந்தகுமாரி ஆலிவ் கொட்டையை எடுத்துக் காகிதத்தில் வைத்தாள்.

"தோளைத் தளர்த்துங்க சம்பந்தி. இங்கெல்லாம் ரிலாக்ஸா உட்காரணும். முதுகைச் சாய்ச்சு உட்காருங்க."

ஸ்டூலுக்குச் சாய்மானம் கிடையாது. சாயப் பார்த்த மகேந்திரராசா, பின்னால் கையெட்டும் தூரத்தில் இருந்த கவுன்டரைப் பிடித்துத் தப்பித்தார்.

மொன்றியல் வந்த இருபது வருடத்தில் ஸ்ரீகுமார் கற்றுக்கொண்ட பிரெஞ்சு, போன்ஜூரும் மெர்சியும் மட்டும். எங்கே போனாலும் பேசுவது, கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கும் வசந்தகுமாரிதான். இந்த பாரைக் கண்டுபிடித்ததும் அவள்தான். அவள் கவுன்டருக்குப் போய், கணவனுக்கும் தனக்கும் சொல்லிவிட்டு வந்தாள்.

"சம்பந்திக்கும் நானே சொல்லிட்டு வர்றேன்," என்று திரும்பினாள்.

"நீ இரு. சம்பந்தியோட கிளாஸை நான்தான் செலக்ட் பண்ணுவேன்."

ஸ்ரீகுமார் எழுந்துபோய் அலமாரியில் இருப்பதிலேயே கறுத்த சிவப்பு வைனை விரலால் காட்டினார். வசந்தகுமாரியின் முகம் வாடியது. மகேந்திரராசா கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப் போனார். திரும்பும்போது கவுன்டரில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வந்தார்.

மூன்று கிளாஸ்கள் வந்தன. ஸ்ரீகுமார் தன்னுடையதைச் சுழற்றினார், மோந்தார், கண்ணை மூடி ஒரு வாய் குடித்தார்.

"சுண்ணாம்பு மண். அந்த வருஷம் மழை கம்மி. ஆல்கஹால் எவ்வளவு நாசூக்கா உட்கார்ந்திருக்கு பாருங்க. பாதி கிளாஸ்தான், அதுக்குள்ள காது மடல் சூடாகுது."

அடுத்த பீப்பாயில் ஒரு கியூபெக் தம்பதி பேசிக்கொண்டிருந்தார்கள். கிளாஸை அவர்கள் பிடித்திருந்த விதம் ஸ்ரீகுமாருக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய், எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.

மகேந்திரராசா தன் கிளாஸை எடுத்தார். ஒரே மூச்சில் பாதி இறங்கிவிட்டது.

வசந்தகுமாரி அவர் கையைத் தொடாத குறையாக முன்னால் சாய்ந்தாள். "அண்ணா, வேண்டாம். கீழே வச்சிடுங்க."

"ஏன் தங்கச்சி? ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு."

"ரிப்போர்ட் உண்மை. வைன்தான் பொய்."

அவள் கணவன் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் இறக்கினாள். கண் கலங்கியிருந்தது.

"டாக்டர் சொன்னா இவர் கேக்கமாட்டார். நான் சொன்னாலும் கேக்கமாட்டார். அதான் அந்த ஊர்ல போய் இறங்கின அன்னைக்கே பார் அம்மாகிட்ட பிரெஞ்சுல கெஞ்சினேன். ஒன்பது நாளும் இவருக்கு ஊத்தினதுல ஆல்கஹாலே கிடையாது அண்ணா. இங்கேயும் அதேதான். இவர் பேச்சை நம்பி நீங்க நிஜ வைனைக் குடிச்சு உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, நல்லம்மா அக்கா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

மகேந்திரராசா மிச்சத்தையும் நிதானமாகக் குடித்து முடித்து, கிளாஸைப் பீப்பாயின் மேல் வைத்தார்.

"நீங்க கவுன்டரில சொன்னது எனக்குக் கேட்டது தங்கச்சி. எனக்கும் அதையே ஊத்தச் சொல்லிப்போட்டன்."