ஹாஜி நட்ட பலகை

“மாயாண்டியண்ணே! வெளிய வாங்க! நம்ம லயத்துக்கு முன்னால ஹாஜி பலகை நடுறாரு!”

பக்கத்து வீட்டு விமலா போட்ட சத்தத்தில், வீட்டுக்குள் சேறு வழித்துக்கொண்டிருந்த மாயாண்டி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

லாபு சாலையிலிருந்து மண்பாதை பிரியும் இடத்தில் ஹாஜி இட்ரிஸ் குழி தோண்டிக்கொண்டிருந்தார். ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலாய்க் கிராமமான கம்போங்கின் தலைவர் அவர். பக்கத்தில் புல்லின் மேல் கிடந்தது ‘கம்போங் சுங்கை லிந்தா’ என்ற பச்சைப் பலகை. அதுவும் ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டியதுதான்.

“என்ன ஹாஜி இது?” மாயாண்டி மலாயில் கத்தினான்.

“பலகை.”

“அது தெரியுது. இங்க ஏன்?”

“வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போச்சு. திரும்ப நடுறேன்.”

“வெள்ளம் கீழ நோக்கித்தானே போகும்? உங்க பலகை மட்டும் எதிர்நீச்சல் போட்டு இங்க வந்துச்சா?”

ஹாஜி பலகையைத் தூக்கிக் குழிக்குள் இறக்கினார்.

மாயாண்டிக்குத் தலைக்கேறியது. ஆறு நாளாகவே அவனுக்கு யாரையாவது பிடித்துக் கத்த வேண்டும்போல்தான் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீர் தோட்ட லயத்தின் பன்னிரண்டு வீட்டையும் துடைத்துவிட்டுப் போயிருந்தது. மெத்தை, அரிசி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், ஒன்றும் மிச்சமில்லை.

இந்த ரப்பர் தோட்டத்தை வாங்கிய கம்பெனி, “நீங்கள் எங்கள் தொழிலாளிகள் இல்லை” என்றது. நிவாரண அலுவலகம், “தோட்டம் தனியார் நிலம். பட்டியலில் கம்போங் வீடுகள் மட்டும்தான்” என்றது. நம் தமிழர் தலைவர் ஒருவரும் வந்தார். பீஹூன் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டார். எல்லாருக்கும் பொட்டலம் கிடைத்ததா என்று பார்க்க அவருக்கு நேரமில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்திய வெள்ளத்திலும் இதே கூத்துதான். அதிகாரியின் ஜீப் இந்தப் பன்னிரண்டு வாசலையும் கடந்துபோய், ஓடையையும் தாண்டித்தான் நின்றது. அங்கே வீட்டுக்கு வீடு மெத்தை, அடுப்பு, கூரைத் தகரம். இங்கே ஒரு வாளிகூட இல்லை.

இன்றோடு கணக்கெடுப்பு முடிகிறது. இன்றும் ஜீப் நிற்காவிட்டால், இந்த முறையும் அவ்வளவுதான்.

“எல்லாம் உங்களுக்குத்தானே கிடைக்குது! இப்ப நாங்க நிக்கிற இடமும் வேணுமா? இது தோட்டம் ஹாஜி! எங்கப்பா பால் வெட்டுன இடம்!”

“கத்தாதே. கட்டையைப் பிடி.”

“பிடிக்கிறேன். பிடுங்கி ஓடையில எறியத்தான் பிடிக்கிறேன்!”

சொன்னபடியே கட்டையைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தான். அவன் மனைவி பஞ்சாலை ஓடிவந்தாள்.

“ஏங்க, பெரிய மனுசருங்க. கையை எடுங்க!”

“நீ சும்மா இருலா! பெரிய மனுசர் செய்ற வேலையா இது?”

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. கோப்பும் கையுமாக ஓர் இளம் அதிகாரி இறங்கினார். ஊருக்குப் புதியவர்.

“என்ன சண்டை இங்கே?”

மாயாண்டிக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? “துவான், நீங்களே கேளுங்க! இந்த ஹாஜி...”

ஹாஜி குறுக்கே புகுந்தார். “என் கம்போங் ஆளுதான் துவான். எப்பவும் இப்படித்தான். வீட்டுல தண்ணி பூந்து ஆறு நாளாச்சு, இன்னும் ஏன் எழுத வரலைன்னு என்னைப் பிடிச்சு உலுக்குறான்.”

அதிகாரி பலகையைப் பார்த்தார். லயத்தைப் பார்த்தார்.

“இந்த வீடுகளும் உங்க கம்போங்தானா?”

“பலகைக்கு உள்ளேதானே இருக்கு?”

“இல்ல துவான், இது தோட்...”

பஞ்சாலை கணவனின் விலாவில் நறுக்கென்று கிள்ளினாள். மிச்சம் அவன் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

“எத்தனை வீடு?”

“பன்னிரண்டு,” என்றார் ஹாஜி.

“பன்னிரண்டு படிவத்திலும் தலைவர் கையெழுத்து வேணும். நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தா நீங்கதான் பதில் சொல்லணும், ஹாஜி.”

“பேனாவைக் கொடுங்க.”

சுவரில் தண்ணீர் ஏறிய கோட்டைப் படம் பிடித்தார்கள். ஐசி அடையாள அட்டை எண்ணை எழுதினார்கள். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு வீடும் பட்டியலில் ஏறியது. விமலா தன் படிவ நகலை நாலாக மடித்து ரவிக்கைக்குள் பத்திரப்படுத்தினாள்.

ஜீப் கிளம்பியதும் பஞ்சாலை படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். ஆறு நாளைக்குப் பிறகு அவள் விட்ட முதல் நிம்மதி மூச்சு அது.

மாயாண்டி தலையைச் சொறிந்துகொண்டு ஹாஜி பக்கத்தில் போய் நின்றான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஹாஜி.”

“உன்கிட்டயா? லாபு வரைக்கும் கேட்டிருக்கும்.”

விமலா சிரித்துவிட்டாள். மாயாண்டிக்கும் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியது.

“எங்களையும் பட்டியல்ல சேர்த்ததுக்கு உங்க ஆளுங்க சும்மா விடுவாங்களா?”

“விட மாட்டாங்க. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வெளிய வந்ததும் நாப்பது வீட்டு ஆளும் என்னைச் சுத்திக்குவாங்க. உன்னைவிடவா கத்திடப் போறாங்க?”

மாயாண்டிக்கு ஏதாவது செய்தாக வேண்டும்போல் இருந்தது. குனிந்து கட்டையைப் பிடித்தான்.

“நகருங்க ஹாஜி. வேலைதான் முடிஞ்சுதே. நானே பிடுங்கிக் கொண்டுபோய்ப் பழைய இடத்துல நட்டுத் தர்றேன்.”

ஹாஜி அவன் கையைத் தட்டிவிட்டார்.

“எதுக்கு? அடுத்த வருஷம் மழை பெய்யாதா?”