மூன்று காரும் ஓட்டிப் பார்த்தாச்சு

“புது முகப்போட வந்த அம்பாசடர்ல வாலாஜாபாத், ஃபியட்டுல முசரவாக்கம், ஹெரால்டுல திருப்புட்குழி. வீட்டுக்கு வீடு இறங்கி சொந்தக்காரங்ககிட்ட யோசனையும் கேட்டுட்டீங்க. எந்தக் காருண்ணா?” என்றான் கார் புரோக்கர் பரசுராமன். இந்த வியாபாரமும் கைநழுவினால் அவன் மாமனார் வீட்டுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“அம்பாசடர்தான் தாராளமா இருக்குது. ஆனா அவசரப்படக் கூடாதுப்பா” என்றார் பட்டு முதலாளி கோதண்டபாணி.

பின் சீட்டில் அவர் மனைவி காந்தா குங்குமச் சிமிழை மூடினாள். “மூணு ஊருலயும் ஒருத்தரையும் விடலைங்க. பையில ஒண்ணுதான் மிச்சம்.”

அதை வாங்கிப் பரசுராமனிடம் நீட்டினார் கோதண்டபாணி. அவர் மகளின் கல்யாணப் பத்திரிகை.

“குடும்பத்தோட வந்துடு. வரும்போது அம்பாசடரை எடுத்துக்கினு வா. மாப்பிள்ளை அழைப்புக்கும் ஒருவாட்டி ஓட்டிப் பார்த்துட்டு முடிவு சொல்றேன்.”